வாடிக்கையாளர் பக்தரா? சந்தைப்படுத்தல் என்னும் சமயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில், சந்தைப்படுத்தல் டிப்ளோமா படிக்கிறவர்களுக்குத் தமிழில் மாலை வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் பதினேழு வருடம் புறக்கோட்டையிலிருந்து பிஸ்கட்டும் சவர்க்காரமும் விற்றவன். ரெப்பாகத் தொடங்கி ஏரியா மனேஜர் வரை போனேன். முதல் நாளே, "நீங்கள் காசு கட்டிப் படிக்க வந்திருப்பது ஒரு சமயப் பாடம்" என்று சொல்லிவிடுவேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். பிறகு கேள்விகள் வரும். எந்த வருடமும் அதே கேள்விகள்தான். தொண்டைத் தண்ணீர் வற்றுவதைத் தவிர்க்க இங்கே எழுதி வைக்கிறேன்.

சந்தைப்படுத்தலைச் சமயம் என்று சொல்வது பகிடிக்கா?

பாதி பகிடி. மீதியை அவர்களுடைய சொற்களே சொல்லும். எந்தக் கொம்பனிக்குப் போனாலும் வரவேற்பறைச் சுவரில் ‘மிஷன்’ என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும். எங்கள் பாட்டிமாருக்கு மிஷன் என்றால் மிஷன் பள்ளிக்கூடம், வெள்ளைக்காரப் பாதிரியார், ஞாயிறு வேதபாடம். 1980களில் ஆப்பிள் கொம்பனியில் கை கவாசாகி என்பவர் ‘எவஞ்சலிஸ்ட்’, அதாவது நற்செய்தியாளர், என்ற பதவியில் இருந்தார். இன்று மென்பொருள் கொம்பனிகளில் அது சாதாரண உத்தியோகப் பெயர். இதைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி, "எங்கட சபையில எவஞ்சலிஸ்ட் ஆகிறதெண்டா நாற்பது நாள் உபவாசம் இருக்கோணும் சேர், இவையள் இருப்பினமா?" என்று கேட்டாள்.

குரு என்ற சொல்லை எங்களிடமே எடுத்துக்கொண்டு போய், ‘மாக்கெட்டிங் குரு’ என்று எங்களுக்கே திருப்பி விற்றார்கள். கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்குக்குக் ‘கன்வேர்ஷன்’ வீதம் என்று பெயர். ஒரு வருடம் கைக்கு வந்த மொழிபெயர்ப்புக் குறிப்பில் அதை ‘மதமாற்ற வீதம்’ என்றே போட்டிருந்தார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கென்னவோ அந்த மொழிபெயர்ப்பாளர் தெரியாமல் உண்மையை எழுதிவிட்டார் என்றுதான் பட்டது.

தமிழில் இன்னும் வசதி. ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் மாட்டுக்குப் போடும் சூடு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அதைக் குறிசுடுதல் என்பார்கள். வர்த்தகக் குறி, குறிசுடுதல், குறி சொல்லுதல், குறிக்கோள்: மாக்கெட்டிங் திணைக்களத்தின் மொத்த வேலையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வைணவர்கள் தோளில் சங்கும் சக்கரமும் காய்ச்சி ஒற்றிக்கொள்வார்கள். அதுவும் குறிதான். ஒரு வித்தியாசம், அங்கே சூட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர் பக்தர். மாட்டிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சமயத்துக்கு வேதம் எது, ஆச்சாரியர் யார்?

1960ஐ ஆண்டு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுதான் ஜெரோம் மெக்கார்த்தி தன் பாடநூலில் நாலு ‘பி’யை, அதாவது புரொடக்ட், பிரைஸ், பிளேஸ், புரமோஷன் என்ற நாலு சொல்லை, அச்சிட்டார். அதே ஆண்டு ஹாவர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் தியோடர் லெவிட் ‘சந்தைப்படுத்தல் கிட்டப்பார்வை’ பற்றிய கட்டுரையை எழுதினார். அமெரிக்க ரயில் கொம்பனிகள் தாங்கள் இருப்பது போக்குவரத்துத் தொழிலில் என்று உணராமல், ரயில் தொழிலில் இருப்பதாக நினைத்தபடியால் நொடிந்தன என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரையை ஒரு தரம் சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஞாயிறு பிரசங்கத்தின் கட்டுமானம் தெரியும். முதலில் பாவம்: பொருளையே பார்த்து ஆளை மறந்தீர்கள். அடுத்தது அழிந்துபோன நகரங்களின் கதை. கடைசியில், மனந்திரும்புங்கள், வாடிக்கையாளரே வழி.

1967இல் பிலிப் கோட்லரின் பெரிய புத்தகம் வந்தது. பதிப்புக்கு மேல் பதிப்பாக இன்றுவரை உலகமெல்லாம் அதுதான் பாடம். 1969இல் அவரும் சிட்னி லெவியும் சேர்ந்து, சந்தைப்படுத்தல் சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் மட்டும் உரியது அல்ல, பல்கலைக்கழகம், பொலிஸ், தேவாலயம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். எல்லா இடத்துக்கும் எங்கள் கடவுள்தான் கடவுள் என்று ஒரு சமயம் எப்போது அறிவிக்குமோ, அந்தக் கட்டம் அது.

நாலு ‘பி’ எப்படி ஏழானது?

1981இல் பூம்ஸ், பிட்னர் என்ற இருவர் சேவைத் துறைக்காக மூன்றைச் சேர்த்தார்கள். பிறகு எட்டு, ஒன்பது என்று ஆளாளுக்கு நீட்டினார்கள்.

எனக்கு எண்ணிக்கையில் பிரச்சினை இல்லை. சைவத்திலும் நான்கு இருக்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். ஆனால் அவை படிகள். ஒன்றில் நின்றால் அடுத்ததற்குப் போக வழி சொல்லும். நாலு ‘பி’யில் எதிலிருந்து எதற்குப் போவது என்று யாரும் சொல்லவில்லை, அது சாமான் பட்டியல். அதைவிட, தமிழில் சொல்லிப் பாருங்கள்: பொருள், விலை, இடம், மேம்படுத்தல். மோனை போய்விட்டது. மோனை போனதும் மாணவர்களுக்கு மனப்பாடமும் போய்விட்டது. பரீட்சைக்கு முதல்நாள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பாடமாக்குகிறார்கள். அறிவு என்றால் எந்த மொழிக்கு மாற்றினாலும் நிற்க வேண்டும். ஒலி மாறினால் பலிக்காது என்று மந்திரத்துக்குத்தான் சொல்வார்கள்.

மாஸ்லோவின் முக்கோணமாவது விஞ்ஞானம் இல்லையா?

உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளின் படிநிலை பற்றி 1943இல் கட்டுரை எழுதினார். முக்கோணத்தை அவர் வரையவில்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்து அவர் பெயரில் விட்டார்கள். முனிவர் ஒரு சுலோகம் சொல்ல, சீடர்கள் கோபுரம் கட்டிய கதை.

கீழே பசி, மேலே தன்னையறிதல், கீழே நிரம்பினால்தான் மேலே ஏறலாம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரும் பாலும் பழமுமாக இருந்துவிட்டு, வெள்ளவத்தையில் வேலைக்கும் போய்வருகிற பெண்களை அந்த முக்கோணத்தில் எந்தத் தட்டில் வைப்பது என்று கேட்டேன். இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சரி, உங்கள் முக்கியமான குற்றச்சாட்டு என்ன?

பக்தி பற்றிய அவர்களுடைய விளக்கம் பிழை என்பதுதான்.

1990களில் இருந்து ‘விசுவாச ஏணி’ என்று ஒன்றைப் படிப்பிக்கிறோம். தெருவில் போகிறவர் முதலில் வாங்குவார், பிறகு வாடிக்கையாளர் ஆவார், பிறகு ஆதரவாளர், கடைசியில் ஊருக்கெல்லாம் உங்கள் சவர்க்காரத்தின் புகழைப் பாடுகிறவர் ஆவார். சைவசித்தாந்தம் தெரிந்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட கதைபோல இருக்கும்: சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். இறைவனுடைய உலகத்தில் இருப்பது, அருகில் இருப்பது, அவன் உருவைப் பெறுவது, அவனோடு இரண்டறக் கலப்பது. ஒரு பற்பசையோடு இரண்டறக் கலக்க ஒருவரும் காலையில் எழும்புவதில்லை.

உண்மையில் சனம் எப்படி வழிபடுகிறது என்று பார்க்க, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். நான் ஒரு மாணவர் குழுவையே கூட்டிக்கொண்டு போனேன், சந்தை ஆய்வு என்று சொல்லி. 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். சமயம் என்னவென்று அன்றும் கேட்டதில்லை, இன்றும் கேட்பதில்லை. எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி, கையில் இரண்டு கட்டு மெழுகுதிரி. ஒரு கட்டைக் கொளுத்தி வரிசையாக நட்டார். சுரூபத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொன்னார். அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் ஒற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற பெடியனுடைய தலையிலும் ஒற்றினார். வெளியே வந்தவர் சற்றுத் தள்ளியிருக்கிற பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் போனார். மற்றக் கட்டு மெழுகுதிரி பையிலேயே இருந்தது. "வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் போறனான், தெமட்டகொடையில தங்கச்சி வீட்டுக்குப் போற வழியில ஒரு மாதா கெபி இருக்கு, அதுக்குத்தான் மற்றது" என்றார், என் மாணவி கேட்டதற்கு.

இந்த அம்மாவைப் பக்தி இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் மாக்கெட்டிங் பாடநூல் இவரை ‘விசுவாசமற்றவர்’ என்ற பெட்டியில் போட்டுவிடும். இத்தனைக்கும் சவர்க்காரம் வாங்குவதிலும் நாங்கள் எல்லோரும் இந்த அம்மாதான். வீட்டில் இரண்டு மூன்று பிராண்ட் சுற்றிச் சுற்றி வரும். கடையில் இருப்பதை, கண்ணில் பட்டதை, விலை குறைத்ததை எடுப்போம். பாடநூல் எழுதியவர்கள் ஒரே தெய்வத்தை வழிபடும் ஊரைக் கற்பனை பண்ணிக்கொண்டு எழுதினார்கள். சந்தையோ கொச்சிக்கடை.

இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது கோயில் வாசலில் நின்று பார்த்தது மட்டும்தானா?

உண்டு. அன்ட்ரூ ஏரன்பேர்க் என்ற புள்ளிவிபரவியலாளர் வீடுகள் உண்மையில் என்ன வாங்கின என்ற பதிவுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். பெரும்பாலான ஆட்கள் பல பிராண்டுகளை மாற்றி மாற்றி வாங்குகிறார்கள். ஒன்றையே வாங்குகிறவர்கள் குறைவு, அவர்களிலும் பலர் எப்போதாவது ஒருமுறை வாங்குகிறவர்கள். வருடத்துக்கு ஒருதரம் கோயிலுக்குப் போகிறவர் ஒரே கோயிலுக்குத்தான் போவார், அது பக்தியின் கணக்கில் வராது.

இன்னொரு விஷயம் இதைவிடச் சுவாரசியம். 1963இல் வில்லியம் மக்ஃபீ கவனித்து, பிறகு ஏரன்பேர்க் பிராண்டுகளில் காட்டிய ‘இரட்டை அடி’ விதி. சின்ன பிராண்டை வாங்குகிற ஆட்களும் குறைவு, அந்தக் கொஞ்சப் பேர் அதைத் திரும்பி வாங்குகிற தடவைகளும் சற்றுக் குறைவு. சின்னக் கோயிலுக்கு வருகிறவர்கள் குறைவாக இருந்தாலும் தீவிரமானவர்கள் என்றுதானே நாங்கள் நினைப்போம்? பொருட்களில் அப்படி இல்லை. சின்னக் கோயிலுக்கு வருகிறவர்களும் பெரிய கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள். அப்படியென்றால் விசுவாசத்தை வளர்த்துப் பெரிய பிராண்ட் ஆகலாம் என்ற போதனை தலைகீழ். பெரிதானால் விசுவாசம் கொஞ்சம் தானாகக் கூடும், அவ்வளவுதான்.

அப்ப லோயல்டி கார்ட் எதற்கு?

பதி, பசு, பாசம். பசு என்றால் கட்டுண்ட உயிர், பாசம் என்றால் கட்டுகிற கயிறு. கார்ட் அந்தக் கயிறு. பதி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்ததும் ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்று கேட்பார். சுப்பர் மார்க்கெட்டில் பெடிச்சி "கார்ட் இருக்கா, நம்பர் சொல்லுங்கோ" என்று கேட்பாள். இரண்டுக்கும் கேட்கிற தொனிகூட ஒன்று, வரிசை நீளமாக இருக்கும்போது வருகிற அந்தச் சலிப்போடு. ஆனால் ஐயர் என் நட்சத்திரத்தை மூலவர் முன்னால் சொல்லிவிட்டு அந்தக் கணமே மறந்துவிடுவார். மற்ற இடத்தில் நான் போன மாதம் எத்தனை பெனடோல் கார்ட் வாங்கினேன் என்பதுவரை எழுதி வைக்கப்படுகிறது. ஆணவ மலம்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்காது.

கார்ட்டை எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். என் மனைவியின் பேர்ஸில் போட்டிக் கடைகள் மூன்றினது கார்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவைக்குள் சண்டை ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் முப்பது வருடமாக ஒரே பால்மா. இது பக்தி இல்லாமல் வேறென்ன?

இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கண்கலங்காத குறையாகக் கேட்பார். பால்மா எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பொருள்தான். கடையில் போய் "ஒரு அங்கர் தாங்கோ" என்று கேட்டு, வேறு பிராண்டை வாங்கிக்கொண்டு வருகிற சனம் நாங்கள். பெயர் அவ்வளவு தூரம் பொதுப்பெயராகிவிட்டது.

2021 கடைசியிலும் 2022இலும் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை, இறக்குமதி இல்லை, கடைகளில் ஆளுக்கு ஒரு பக்கெட். வெள்ளவத்தையில் என் அம்மா, வயது எழுபத்தாறு, வரிசையில் நின்றார். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நான் நின்றேன். அவர் கண் தெரிந்த நாளிலிருந்து ஒரே பக்கெட்டைத்தான் வாங்கியவர், வேறு மாவில் தேத்தண்ணி போட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். எங்கள் முறை வந்தபோது கடைக்காரர் தூக்கிக் கொடுத்தது அவர் வாழ்நாளில் வாங்காத ஒரு பக்கெட். அம்மா பிராண்டைப் பார்க்கவே இல்லை. திகதியைப் பார்த்தார், பக்கெட் ஊதியிருக்கிறதா என்று விரலால் அமத்திப் பார்த்தார், சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடுகிற அளவுக்குப் போயிருந்தது. முப்பது வருடப் பக்தி ஒரு காலையில் கரைந்தது.

ஆனால் இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. சாமான் திரும்பி வந்ததும் அம்மா பழைய பக்கெட்டுக்கே போனார். பழக்கம் சின்ன விஷயம் இல்லை. கை தானாகப் போகிற இடத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, கொம்பனிக்காரர் அதற்காகக் கோடிக்கணக்கில் செலவழிப்பதும் முட்டாள்தனம் இல்லை. அதைப் பக்தி என்று பெயர்சூட்டி, அதற்கேற்ற பூசை புனஸ்காரம் நடத்துவதில்தான் காசு வீணாகிறது.

அப்படியானால் ‘நியூ கோக்’ கதை? சனம் தெருவுக்கு இறங்கியதே!

1985 ஏப்ரல் 23ஆம் திகதி கொக்கக் கோலா தன் சுவையை மாற்றியது. ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கக் கொடுத்து, புதியதுதான் நல்லது என்று முடிவெடுத்து மாற்றினார்கள். தொலைபேசியிலும் கடிதத்திலும் திட்டு வந்து குவிந்தது. 79ஆம் நாள் பழையது திரும்பி வந்தது. மாக்கெட்டிங் சமயத்தில் இது பெரிய அற்புதம், பக்தர்களின் கண்ணீருக்குத் தெய்வம் இரங்கிய கதை.

எனக்குத் தெரிந்த விளக்கம் பாலஸ்தாபனம். கோயில் திருத்தவேண்டுமென்றால் மூலவரைச் சும்மா மறைத்துவிட முடியாது. சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, ஒரு சின்ன மண்டபத்தில் எழுந்தருளச் செய்து, சனத்துக்கு இன்ன நாள் கும்பாபிஷேகம் என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் உளியை எடுப்பார்கள். நடுவில் இரண்டு வருடம் இழுபட்டாலும் சனம் பொறுக்கும். கொக்கக் கோலாக்காரர் ஒரே நாளில் பழையதைத் தூக்கினார்கள், திரும்பி வரும் என்று சொல்லவில்லை. சனம் கோபப்பட்டது கோலாவின் மேல் வைத்த காதலால் என்பதைவிட, கேட்காமல் எடுத்துவிட்டார்களே என்பதால் என்றுதான் நான் நினைக்கிறேன். வீதியோரத்து மரம் ஒன்றை இரவோடிரவாக மாநகரசபை தறித்தாலும் அந்தக் கோபம் வரும்.

வாடிக்கையாளரின் அன்பை எண்ணில் அளக்கலாம் என்கிறார்களே?

ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003இல் கொண்டுவந்த அளவுகோலைச் சொல்கிறீர்கள். ‘எங்களை உங்கள் நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்.’ 9ம் 10ம் சிபாரிசு செய்பவர்கள். 7ம் 8ம் கணக்கில் இல்லை. 0 முதல் 6 வரை எல்லோரும் எதிராளிகள். வங்கிக்குப் போய்வந்தால் குறுஞ்செய்தியில் இந்தக் கேள்வி வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாலும் வருகிறது.

எங்கள் ஊரில் 100க்கு 60 எடுத்தால் ‘சி’, திறமைச் சித்தி. பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுப்போம். அந்த மனதோடு 6 போட்டுவிட்டு வந்தால், கவுண்டரில் இருந்த பெடியனுக்கு அன்று பின்னேரம் பேச்சு விழுகிறது. நாயன்மார் அறுபத்துமூன்று பேரையும் கூட்டி வைத்து, சிவனைச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்டிருந்தால் கண்ணப்பரைத் தவிர மற்றவர்கள் எழும்பிப் போயிருப்பார்கள். கண்ணப்பருக்குக் கேள்வி விளங்கியிராது.

சந்தை ஆராய்ச்சி?

குறி கேட்டல். குறிசொல்கிற அம்மா உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்வார். கலந்துரையாடல் குழுக்களில் இது மறுபக்கம் திரும்பியிருக்கும்: பம்பலப்பிட்டியில் ஏசி அறை, எட்டுப் பெண்கள், தட்டில் பற்றிஸும் ரோல்ஸும். இரண்டாவது ரோல்ஸ் வரும்போது அவர்கள் ஆராய்ச்சிக்காரியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

நீங்கள் சமயத்தை அல்லவா கொச்சைப்படுத்துகிறீர்கள்?

ஒரு மௌலவியின் மகனும் ஒரு குருக்களின் மருமகனும் ஒரே நாளில் இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்ல வருவது மறுவளம்: சமயத்திடம் இருப்பது சந்தைப்படுத்தலிடம் இல்லை.

நேர்த்திக்கடனை எடுங்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தால் காவடி எடுக்கிறேன் என்று வைப்போம். சுகம் வந்த பிறகுதான் கட்டுவோம். வராவிட்டாலும் சாமிக்கு எதிராக வழக்குப் போடுவதில்லை, சாமியும் நினைவூட்டல் அனுப்புவதில்லை. தெய்வத்துக்கு இல்லை என்று சொல்கிற உரிமை உண்டு. வாடிக்கையாளரே தெய்வம் என்று எழுதி வைத்திருக்கிற கொம்பனியில், அந்தத் தெய்வம் இல்லை என்று சொன்னால் ‘இழந்த வாடிக்கையாளர்’ என்று பட்டியல் போட்டு, மாதம் முடியும்வரை தொலைபேசியில் துரத்துவார்கள்.

செட்டியார் தெருவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று இரண்டு கோயிலையும் எழுப்பிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எங்களைவிட நல்ல வியாபாரிகள். பேரேட்டைப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவார்கள், வரவில் ஒரு பங்கை மகமை என்று கோயிலுக்கு ஒதுக்குவார்கள். கடவுள் அவர்கள் கணக்கில் ஒரு பற்று. கடவுளை அவர்கள் விற்பனை உத்தியாக வைத்திருந்தார்கள் என்று சொல்ல வருகிறவர்களுக்கு நான் ஒன்று கேட்பேன், மகமைக் கணக்கை எந்த விளம்பரத்திலாவது கண்டீர்களா?

பரிமாற்றம்தான் சந்தைப்படுத்தலின் அடிப்படை, இரண்டு தரப்பும் ஏதோ பெறவேண்டும் என்று கோட்லர் வழிவந்தவர்கள் சொல்வார்கள். மாணிக்கவாசகர் அதை எப்போதோ கேட்டுவிட்டார்: உன்னை எனக்குத் தந்தாய், என்னை நீ எடுத்துக்கொண்டாய், இந்தக் கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரர் யார்? எனக்கு முடிவில்லாத ஆனந்தம் கிடைத்தது, உனக்கு என்னிடமிருந்து என்ன கிடைத்தது? தான் கூட வாங்கிவிட்டேனே என்று வெட்கப்படுகிற வாடிக்கையாளரை நான் பதினேழு வருடத்தில் ஒரே ஒரு தரம் கண்டேன். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு போரா முதலாளி, பிழையாகப் போட்ட பில்லில் தனக்கு வந்த நாற்பது ரூபாவைத் திருப்பித் தரப் பெடியனை அனுப்பியிருந்தார்.

கோயில்களும் இப்போது மாக்கெட்டிங்தானே செய்கின்றன?

செய்கின்றன. 1969இல் கோட்லர் சொன்னது பலித்துவிட்டது. அதுபற்றி எழுதப் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியாது.

ஏரன்பேர்க் வழி வந்தவர்களும் ஒரு மதக்கூட்டம்தானே?

ஆம். பைரன் ஷார்ப் 2010இல் அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கிய பிறகு, மதம் மாறியவர்களுக்கே உரிய ஆவேசத்தோடு கதைக்கிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். கண்ணில் படுதல், கைக்கு எட்டுதல் என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை பேசமாட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான். புதுச் சபைக்காரர் பழைய சபையைத் திட்டுகிற சுகமே தனி.

கடைசியில் சாமான் விற்பது எப்படி என்று சொல்லவில்லையே?

லிப்டன் சுற்றுவட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அந்தப் பெயர்க்காரரை ஞாபகப்படுத்துகிறேன். தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார். இடைத்தரகரை வெட்டினார், விலையைக் குறைத்தார், தேயிலையைக் குறித்த நிறையில் பக்கெட்டில் அடைத்தார். விளம்பரமும் கண்டபாட்டுக்குச் செய்தார். ஆனால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்த தொழிலாளியின் மனைவிக்குக் கடையில் பக்கெட் இருந்தது, அவள் கையில் இருந்த சில்லறைக்கு அது கட்டுபடியாகியும் இருந்தது.

நான் வேலைசெய்த ஒரு கொம்பனி, பெயர் வேண்டாம், ‘பிராண்ட் காதல்’ பற்றி இரண்டு நாள் பயிற்சியை ஒரு கடற்கரை ஹோட்டலில் வைத்தது. ஆளுக்கொரு மெழுகுதிரி தந்து, இருட்டில் வட்டமாக நிறுத்தி, "இந்தப் பிஸ்கட் எனக்கு என்ன அர்த்தம்?" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கிராண்ட்பாஸ் ரெப் தன் முறை வந்தபோது மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டே, "சேர், மூண்டு கிழமையா லொறி வரேல்ல" என்றான். இருட்டில் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பயிற்சியாளர் அதை ‘உணர்ச்சித் தடை’ என்று பலகையில் எழுதினார்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதலாமா?

வேண்டாம். நாலு ‘பி’யை வரிசையாக எழுதுங்கள், முக்கோணத்தை அடிமட்டம் வைத்து வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளூர் உதாரணம் கொடுங்கள். விடைத்தாள் திருத்துகிறவரும் நேர்த்தி வைத்துத்தான் அந்த வேலையை எடுத்திருப்பார்.

ஏன் செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லை?

முதல் இரண்டு வருடம் வைத்துப் பார்த்தேன். கொச்சிக்கடைப் பக்கம் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பஸ் அசையாது, வகுப்பில் பாதிப் பேர் ஆறரைக்கு மெழுகு மணக்க வந்து சேருவார்கள். அவர்களில் அதிகம் பேர் திருநீறு பூசியவர்கள். இப்போது புதன்கிழமை, 5.30க்கு.